மாமன் மேல் ஏறிய சொல்

வத்தல்குறிச்சி என்று ஓர் ஊர் இருக்கிறது, இருந்தது என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் இருக்கிறது. விருதுநகரிலிருந்து தெற்கே போகிற மினி பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸில் உள்ளவர்கள் எல்லோரும் ஒன்றாகத் தும்முகிற இடத்தில் இறங்கினால் அதுதான் ஊர். தெருவில் மிளகாய் வத்தல் காயும், மொட்டைமாடியில் காயும், பள்ளிக்கூட மைதானத்தில் கோல் போஸ்ட்டுக்கு நடுவிலும் காயும், அந்தக் காற்றைக் குடித்து வளர்ந்த ஜனங்கள் “சாப்பிட்டீகளா” என்று கேட்டால்கூட அசலூர்க்காரனுக்கு அடிக்க வருகிற மாதிரி இருக்கும். அங்கே கோபம் கெட்ட குணம் இல்லை, விசாரிப்பு. ஒருத்தர் உங்களைத் திட்டவில்லை என்றால் உங்களை மறந்துவிட்டார் என்று அர்த்தம், பாதிப் பேர் அந்த வருத்தத்திலேயே படுத்துவிடுவார்கள்.

அந்த ஊரில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி, பதினைந்து வயசு, பேச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தொண்டைக்குள் ஊரே வாடகையில்லாமல் குடியிருந்தது. மினி பஸ் கண்டக்டர் குரலில் “உள்ள போ, உள்ள போ, உள்ள எடம் கிடக்கு” என்று அவள் மறைவில் நின்று சொன்னால் மளிகைக்கடையில் நிற்கிறவர்கள்கூடத் தம்மை அறியாமல் உள்ளே நகர்வார்கள். ரேஷன் கடைக்காரர் குரலில் “சீனி வந்திருச்சு” என்பாள், தெரு பையோடு ஓடும். ஒருநாள் தலைமை ஆசிரியை குரலில் இன்று விடுமுறை என்று மைக்கில் அறிவித்துவிட்டாள், பள்ளிக்கூடமே வீட்டுக்குப் போய்விட்டது, போனவர்களில் தலைமை ஆசிரியையும் ஒருவர்.

பேச்சி அம்மா வயிற்றில் இருக்கும்போதே அப்பா இறந்துபோனார். அம்மா சீனியம்மாளையும், அக்கா சோலைராணியையும், பிறகு வந்து சேர்ந்த பேச்சியையும் தாங்கி நின்றவர் அம்மாவின் அண்ணன் கோட்டைச்சாமி, வத்தல் மண்டி வைத்திருக்கிறவர், எந்நேரமும் வெள்ளைச் சட்டை வெள்ளைத் துண்டு, ஊரின் எல்லாக் கோபங்களையும் ஒரு தட்டிலும் அவர் கோபத்தை மறு தட்டிலும் வைத்தால் அவர் தட்டுத்தான் தரையைத் தொடும். “இந்த வாய்க்கு ஒரு வேலை கொடுக்கலைன்னா ஊரை வித்துப்புடும்” என்று அவர்தான் மண்டிக்கு மேல்மாடியில் நடந்த இங்கிலீஷ் பேச்சு வகுப்பில் பேச்சியைச் சேர்த்துவிட்டார்.

வகுப்பெடுத்தவர் தங்கதுரை சார். சாயங்காலம் ஒரு சொல்லைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுவார், அர்த்தம் சொல்வார், பிறகு அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்வார், வாக்கியம் சொன்ன பிறகுதான் சொல்லை அழிப்பார். அன்றைக்கு எழுதிய சொல் பிளாசிட்.

“அமைதியானன்னு அர்த்தம். லேசுல கலங்காத, எதுக்கும் அலட்டிக்காத. ஏரிக்குச் சொல்லலாம், காத்தில்லாத நாள்ல ஏரி எப்படிக் கிடக்கும், அப்படி. பசுமாட்டுக்குச் சொல்லலாம். தூங்குற பிள்ளைக்குச் சொல்லலாம். மனுசனுக்குச் சொல்லும்போது மட்டும் யோசிச்சுச் சொல்லணும். பாராட்டுற மாதிரியும் இருக்கும், இந்த ஆளுக்கு எதுவுமே உறைக்காதுன்னு சொல்ற மாதிரியும் இருக்கும். இப்ப இதை வச்சு ஒரு வாக்கியம்…”

சார் வாக்கியத்துக்கு வாயைத் திறந்த அந்த நேரம் பார்த்துக் கீழே கோட்டைச்சாமி எடை போடுகிறவர்மேல் ஒரு சத்தம் போட்டார். ஜன்னல் கம்பி அதிர்ந்தது, சார் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்தது, என்ன சண்டை என்று பார்க்க வகுப்பு முழுக்கப் படியிறங்கி ஓடியது, பின்னாலேயே சாரும் ஓடினார். கரும்பலகையில் அந்தச் சொல் மட்டும் வாக்கியம் இல்லாமல் தனியாக நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. யாரும் வரவில்லை என்றதும் தானே இறங்கிவிட்டது.

வெள்ளையாக, முழங்கை நீளத்துக்கு, கம்பளிப்பூச்சி போல உடம்பை நெளித்து நெளித்துப் படியில் அது இறங்கி வந்ததை முதலில் பார்த்தவள் பேச்சிதான். “எழுத்து வருது, மிதிச்சிராதீக” என்றாள். மூட்டை தூக்குகிறவர்கள் காலை ஒதுக்கி வழி விட்டார்கள். அது மண்டிக்குள் போய், ஆடிக்கொண்டிருந்த தராசின் மேல் ஏறிப் படுத்தது. தராசு நின்றது. முள் அசையவில்லை. இந்தப் பக்கம் வத்தல் மூட்டையை வைத்தார்கள், அப்போதும் அசையவில்லை, எதுவானால் என்ன என்று அது பாட்டுக்கு நின்றது.

வத்தல்குறிச்சி இதைப் பற்றி ரொம்ப யோசிக்கவில்லை. புதுசாக ஒரு கன்றுக்குட்டி வந்தால் யார் வீட்டில் கட்டுவது என்றுதான் கேட்பார்கள், ஏன் வந்தாய் என்று கன்றுக்குட்டியைக் கேட்பதில்லை. சாக்பீஸ் ஜாதி என்பதால் கோலமாவு என்றால் அதற்கு உயிர் என்று சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். வாசலில் இருந்து எந்தப் பொருளுக்கு வேண்டுமோ அந்தப் பொருள் வரைக்கும் மாவால் ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும், கோட்டைத் தின்றுகொண்டே வந்து அந்தப் பொருளின் மேல் ஏறிக்கொள்ளும், வேறு பக்கம் கோடு இழுத்தால் இறங்கிப் போய்விடும். அடுப்பில் பால்சட்டி மேல் ஏறியது. பால் பொங்கி விளிம்பு வரை வந்து, வெளியே எட்டிப் பார்த்து, வேண்டாம் என்று திரும்பி உள்ளே போனது. சேவல்மேல் ஏறியது, சேவல் சூரியனைப் பார்த்தது, நீயே வந்துவிட்டாய், நான் வேறு எதற்குக் கத்தணும் என்பதுபோல் உட்கார்ந்துகொண்டது, அன்றைக்கு அந்தத் தெருவே வேலைக்குப் பிந்தியது. மினி பஸ் ஹாரன்மேல் ஏறியது. ஊரைப் பிளக்கிற ஹாரன் ‘கொஞ்சம் வழி விடுவீகளா’ என்பதுபோல் முனகியது, யாரும் விடவில்லை, பஸ் சாயங்காலம்வரை அதே இடத்தில் நின்றது. ஓயாமல் அழுகிற பிள்ளையின் தொட்டிலில் ஏறியது; பிள்ளை தூங்கிய தூக்கத்தைப் பார்த்துப் பயந்துபோய்த் தாய்க்காரி மூக்கில் விரல் வைத்துப் பார்த்துத் தானே எழுப்பிவிட்டாள். எங்கள் வீட்டுக்கு முதலில், உங்கள் வீட்டுக்கு அப்புறம் என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் அந்த அமைதிக்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடித்துக்கொண்டன.

கீழத்தெரு மாரீசுவரி மட்டும் அதைத் தன் வீட்டுக்காரன்மேல் ஏற்றிப் பார்த்தாள். அவன் சோற்றைத் தின்றான், தட்டைக் கழுவினான், சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். குழம்பில் உப்பில்லை என்று அவளே சொன்னாள், அவன் சிரித்தான். விளக்கு வைக்குமுன்னே அவள் வாசல்வரைக்கும் கோடு இழுத்து அதை வெளியே அனுப்பிவிட்டு, “ஒரு வார்த்தை திட்டுங்களேன்” என்று அவன் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவன் திட்டினான். தெருவே நிம்மதியாகப் படுத்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் சோலைராணிக்குக் கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை அழகுமலை, அந்த மினி பஸ்ஸின் டிரைவர், தலைக்குமேல் இருக்கிற கண்ணாடியில் பின்சீட்டுச் சோலைராணியைப் பார்த்துப் பார்த்தே வண்டியை ரெண்டு முறை வத்தல் களத்துக்குள் இறக்கியவன். அவன் அம்மா வெள்ளைத்தாய்க்குத் தன் அண்ணன் மகளை எடுக்கணும் என்றுதான் ஆசை. மகன் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்த பிறகு சம்மதித்தாள், சம்மதித்தபோதே சொல்லியும் விட்டாள்: “முறை எதுலயும் குறை வரக்கூடாது. முகூர்த்தம் தப்பக்கூடாது. தப்புச்சுன்னா அதே பந்தல்ல என் அண்ணன் மக கழுத்துல தாலி ஏறும், அவ பட்டுச்சேலையோடதான் வருவா.”

முறை என்றால் அந்தப் பக்கத்து ஊர்களில் முதலாவது மாமன் கோபம். தாலி பெண்ணின் தாய்மாமன் மடியில்தான் இருக்கும். முகூர்த்தத்துக்கு முன்னால் அவர் ஏதாவது ஒரு குறையைப் பிடித்துக் கோபப்பட்டு, துண்டை உதறிக்கொண்டு, பந்தலைவிட்டு வெளியேற வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பின்னாலேயே ஓடிப் பன்னீர் சோடாவை உடைத்துக் கையில் கொடுத்து, தாடையைப் பிடித்துக் கெஞ்சி அழைத்து வரவேண்டும். மாமன் எவ்வளவு தூரம் போகிறாரோ அவ்வளவு பெரியது பெண்ணின் மரியாதை. பந்தல் வாசலோடு திரும்பிய மாமன்களின் மருமகள்களுக்குப் புகுந்த வீட்டில் இன்றைக்கும் ஒரு படி இளக்காரம்தான்.

கோட்டைச்சாமி, பேச்சியின் பெரியம்மா மகள் கல்யாணத்தில் கோபப்பட்டு வெளியேறி, வழியில் நின்ற பஸ்ஸில் ஏறி, மதுரைவரைக்கும் போய்விட்டார். வேன் வைத்துக் கூட்டி வந்தபோது முகூர்த்தம் முடிந்து, ஐயர் போய், சாம்பார் ஊசிவிட்டிருந்தது.

“இந்தத் தடவை அப்படி ஆச்சுன்னா உங்க அக்கா மணவறையில உக்காந்திருக்க, அடுத்தவ கழுத்துல தாலி ஏறும்” என்று சீனியம்மாள் கல்யாணத்துக்கு முந்தின நாள் பேச்சியை அடுப்படிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். “நீ போய் அந்த எழுத்தைக் கூட்டிட்டு வா.”

“யம்மா, மனுசனுக்குப் போடுறதுக்கு யோசிக்கணும்னு சார் சொன்னாரு.”

“யோசிச்சாச்சு. மொத்தமாவா போடச் சொல்றேன். ஒரு சிட்டிகை. சாம்பாருக்கு உப்புப் போடுற மாதிரி. பந்தல் தாண்டி, பால் பண்ணைவரைக்கும் போற கோபம் வந்தாப் போதும். மதுரைவரைக்கும் போற கோபம் வேண்டாம்.”

“சிட்டிகை எடுக்க அது என்ன பெருங்காயமா?”

“வாயைக் குறை. அந்தக் கடைசி எழுத்தை மட்டும் லேசா ஏத்திவிடு.”

பேச்சிக்கும் உள்ளுக்குள் குதூகலம்தான். உலகத்திலேயே பெரிய கோபத்தின்மேல் உலகத்திலேயே பெரிய அமைதியை ஏற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க எந்தப் பதினைந்து வயசுக்கு ஆசை இருக்காது? மறுநாள் காலையில் மண்டபமும் இல்லாமல் தெருவும் இல்லாமல் நடுவில் போட்டிருந்த பந்தலில், மாமா வந்து உட்காரப்போகும் நாற்காலிவரைக்கும் அவள் ஒரு மெல்லிய மாவுக்கோடு இழுத்தாள். கோட்டைச்சாமி வந்து உட்கார்ந்தார். எழுத்து கோட்டைத் தின்றுகொண்டே வந்தது, நாற்காலிக் காலில் ஏறியது, அவருடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்தது. மாவுக்கோடு என்ன, கோலமே என்ன, இவ்வளவு வெள்ளையை அது வாழ்நாளில் பார்த்ததில்லை. கடைசி எழுத்து மட்டுமல்ல, முதல் எழுத்திலிருந்து முழுசாக ஏறி நெஞ்சின்மேல் நீட்டிப் படுத்தது, வெள்ளைமேல் வெள்ளையாய் யார் கண்ணுக்கும் தெரியாமல் போனது.

கோட்டைச்சாமியின் முகம் மெதுவாக விரிந்தது. “அடடே” என்றார், “காத்து நல்லா வருதே.”

அவரை அந்தக் குரலில் யாரும் கேட்டதில்லை. பேச்சிக்கே அந்தக் குரல் தொண்டையில் இல்லை.

முதலில் மாலை வந்தது. மாமன் கோபப்படுவதற்கு வசதியாக மாலையை எப்போதும் குட்டையாகத்தான் கட்டுவார்கள், அது ஒரு ஏற்பாடு. கோட்டைச்சாமி அதைக் கையில் வாங்கிப் பார்த்து, “பரவாயில்ல, மணமா இருக்கு” என்றார். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வெற்றிலைத் தட்டில் பாக்கு வைக்காமல் நீட்டினார்கள். “பரவாயில்ல, பாக்கு பல்லுக்கு ஆகாது.” காப்பியில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, “வித்தியாசமா இருக்கு” என்றார். பேனரில் அவர் பெயரைக் கட்டக் கடைசியில், பந்தல் போட்டவர் பெயருக்கும் கீழே போட்டிருந்ததைக் கொண்டுவந்து காட்டினார்கள். “எல்லாரும் ஒண்ணுதானே” என்றார். அவரோடு பேச்சு வார்த்தை முறிந்துபோயிருந்த எதிர் மண்டிக்காரரைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கோட்டைச்சாமி அவர் தோளில் கை போட்டார். அந்த மனிதருக்கு வேர்த்துவிட்டது, “நான் என்னண்ணே பண்ணினேன், ஏன் இப்படிப் பண்றீக” என்று எழுந்து ஓடினார்.

மாப்பிள்ளை வீட்டார் சோடா பாட்டில்களோடு வரிசையில் நின்றார்கள். சோடா சூடாகிக்கொண்டிருந்தது. வெள்ளைத்தாய் எழுந்து வந்து கோட்டைச்சாமி முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஏன் அண்ணாச்சி, எங்களைப் பாத்தா கோபப்படுறதுக்குக்கூடத் தகுதி இல்லாத ஆளாத் தெரியுதா?”

“நல்லா இருக்கீகளாம்மா” என்றார் கோட்டைச்சாமி.

“கேட்டீகளா, நல்லா இருக்கீகளான்னு கேக்குறாரு” என்று அவள் தன் ஆட்கள் பக்கம் திரும்பினாள். “அக்கறை இருக்கிற மாமன் கேக்குற கேள்வியா இது? பொண்ணைத் தள்ளிவிட்டாப் போதும்னு உக்காந்திருக்காரு. கோபமே இல்லாம வந்த மருமகளை என் வீட்டு நடையில எப்படி ஏத்துவேன்? ஊரு என்ன கேக்கும்? ஏப்பா, முகூர்த்தத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கு? ஜெயந்தியைக் கூப்பிடு, சேலை மடிப்பைச் சரி பண்ணச் சொல்லு.”

பின்வரிசையில் பட்டுச்சேலையோடு அண்ணன் மகள் ஜெயந்தி எழுந்து நின்றாள். மணவறையில் சோலைராணி தலை குனிந்திருக்கவேண்டிய முறையை மறந்து நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய கண்கள் நேராகப் பேச்சியைத்தான் பார்த்தன. ஊரில் எங்கே எது நடந்தாலும் அதற்குக் காரணம் யார் என்று அக்காவுக்குத் தெரியும்.

பேச்சிக்குச் சிரிப்பு நின்றது. மாமா நாற்காலியிலிருந்து வாசலுக்குப் புதுக் கோடு இழுத்தாள், எழுத்து அசையவில்லை. மாவை அள்ளி அள்ளிக் கொட்டினாள். அது எதற்கு இறங்கும், முழுச் சட்டை இருக்கிறது. மாமாவின் நெஞ்சைக் கையால் தட்டினாள், “என்ன தாயி, கொசுவா?” என்று அவர் அவள் தலையைத் தடவினார். மடியிலிருந்த தாலியையாவது எடுத்துவிடலாம் என்று சீனியம்மாள் குனிந்தாள், கோபம் தணிந்து தானாக எடுத்துக் கொடுக்காத தாலி செல்லாது என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரே குரலில் சொன்னார்கள், அந்தக் காலையில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். தங்கதுரை சார் பந்திக்குப் போகிற வழியில் பேச்சியிடம் மாட்டினார்.

“சார், உங்க சொல்லைக் கூப்பிடுங்க.”

சார் கோட்டைச்சாமியைத் தள்ளி நின்று பார்த்தார். “அது ஏரிக்கு உண்டான சொல்லும்மா” என்றார் வருத்தமாக. “ஏரிக்கு என்ன, அது வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணா இருக்கு?”

மேளக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ஜெயந்தி மணவறையை நோக்கி ஓரடி வைத்தாள். பேச்சி ஓடிப்போய் ரேடியோ செட்டுக்காரரின் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, பந்தலுக்குப் பின்னால் சமையல் அடுப்புப் புகைக்கு நடுவில் நின்று, மூச்சை இழுத்து, மாமாவைத் தொண்டைக்குள் வரவழைத்தாள்.

“ஏலேய், எவன்லே இந்த மாலையைக் கட்டினவன்?”

பந்தல் காலில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து அது வந்தது. பந்தி இலைகள் பறந்தன. நாற்காலியில் கோட்டைச்சாமி சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்க, அவர் கோபம் மட்டும் குழாய்க்குள்ளிருந்து கர்ஜித்தது.

“இது மாலையா, மாட்டுக்குக் கட்டுற மணிக்கயிறா? வெத்தலைத் தட்டுல பாக்கு எங்க, எலி தூக்கிட்டுப் போயிருச்சா? பேரைப் பந்தல்காரனுக்குக் கீழ போட்டிருக்கீக, நான் என்ன கம்பு ஊன வந்தவனா?”

கோபத்தைக் கண்டால் ஓடிப் பழகிய கால்கள் ஓடின. மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் சோடாவோடு குழாயைச் சூழ்ந்துகொண்டார்கள், மாப்பிள்ளையின் சித்தப்பா நாற்காலி போட்டு ஏறிக் குழாயின் தாடையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணாச்சி, பெரிய மனசு பண்ணணும்” என்று கெஞ்சினார், இன்னொருத்தர் பன்னீர் சோடாவைக் குழாயின் வாயில் ஊற்றினார், அது கரகரவென்று குடித்தது.

வெள்ளைத்தாய் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவள் பேசுமுன்னே அவள் குரலும் குழாயிலிருந்து வந்துவிட்டது. “அண்ணாச்சி, பாக்கு தட்டுக்கு அடியில இருக்கு, நல்லாப் பாருங்க.”

“அடியில பாக்குறதுக்கு நான் என்ன புதையல் எடுக்கவா வந்தேன்?”

“சம்பந்தி வீட்டைப் பாத்துப் பேசுற பேச்சா இது?”

“சரியாத்தான் கேக்குறேன்” என்று வெள்ளைத்தாய் தலையாட்டித் திருப்தியாக உட்கார்ந்துகொண்டாள். சண்டை சூடு பிடித்தது. சீனியம்மாள் குரல் வந்து சமாதானம் சொன்னது, எதிர் மண்டிக்காரர் குரல் வந்து எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியது, குழந்தைகள் விசில் அடித்தார்கள், தம் குரல் எப்போது வரும் என்று பின்வரிசைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பேச்சிக்கு ஜிவ்வென்று ஏறியது. மாமா குரலை இன்னும் பெரிதாக்கினாள், இன்னும், இன்னும், அடிவயிற்றிலிருந்து எடுத்தாள், எடுத்து எடுத்து அவளுக்குத் தெரிந்த திட்டெல்லாம் தீர்ந்தது. திட்டுத் தீர்ந்தும் குரல் தீரவில்லை. கோபத்துக்குக் கீழே இன்னொரு அறை இருக்கிறது என்று தெரியாமல் அவள் உள்ளே கால் வைத்துவிட்டாள், அங்கே இருந்தது அவளைக் கேட்காமல் வெளியே வந்தது.

“மச்சான் போன அன்னிக்கு இந்தப் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு மண்டிக்கு வந்தேன்” என்றது குழாய். “வீட்டுல இருக்க முடியல. மூட்டை அவுக்குற நேரம், பிள்ளை தும்முச்சு, நான் அழுதேன். என்ன கோட்டை கண்ணெல்லாம் தண்ணின்னு கேட்டாக. வத்தல் நெடின்னேன். அன்னிக்கிலிருந்து வத்தல் நெடின்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன். கண்ணைப் பாத்து எவனும் கேட்டுறக் கூடாதுன்னு முந்திக்கிட்டுச் சத்தம் போடுறேன். இதையும் இன்னொருத்தன் வீட்டுக்கு அனுப்பிட்டு நான் எந்தப் பஸ்ஸைப் பிடிச்சு எந்த ஊருக்குப் போவேன்?”

குழாயின் தாடையைப் பிடித்திருந்த சித்தப்பா கையை எடுத்துவிட்டார்.

நாற்காலியில் கோட்டைச்சாமி அப்படியே உட்கார்ந்திருந்தார், முகத்தில் அலை இல்லை, ஆனால் கண் மட்டும் ஊறியது. ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கித் தாடையில் நின்று சட்டையில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. சாக்பீஸ் எழுத்துத்தானே, தண்ணீர் பட்டதும் முதலில் வால் கரைந்தது, பிறகு வயிறு கரைந்தது, நெளிந்து தப்பிக்கப் பார்த்தது, சொட்டுகள் விடவில்லை. சட்டையில் ஒரு ஈரத் திட்டு மட்டும் இருந்தது.

கோட்டைச்சாமியின் காது மடல் சிவந்தது. மூக்கு சிவந்தது. நாற்காலி பின்னால் விழ அவர் எழுந்தார்.

“எவ அவ, என் குரலை எடுத்துக்கிட்டு ஓடினவ?”

பந்தல் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது, நல்ல வெயிலில் மோர் குடித்தாற்போல. “வந்துட்டாருய்யா” என்று வெள்ளைத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். கோட்டைச்சாமி துண்டை உதறினார், வெளியேறினார். மாப்பிள்ளை வீட்டார் ஆனந்தமாகப் பின்னால் ஓடினார்கள். பந்தல் வாசலைத் தாண்டினார், சோடாவைத் தட்டிவிட்டார். பால் பண்ணையைத் தாண்டினார், தாடையைப் பிடித்தவர்களை உதறினார். காலையிலிருந்து அடைத்து வைத்திருந்த கோபம் மொத்தமும் ஒரே நேரத்தில் காலுக்கு இறங்கியிருந்தது, பஸ் நிறுத்தத்தில் மதுரை வண்டி நின்றுகொண்டிருந்தது, மடியில் தாலி. பின்னால் ஓடியவர்களின் ஆனந்தம் மெல்ல மெல்லக் கெட்டது. சீனியம்மாள் பந்தல் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பேச்சி குறுக்குச் சந்தில் பாய்ந்து மண்டி வாசலில் மாமாவை மறித்தாள். “மாமா, என்னை அடிங்க, திரும்பி வாங்க.”

“அடிக்கிறதாம் அடிக்கிறது. மாலையைப் பத்திச் சொல்லு, பாக்கைப் பத்திச் சொல்லு, அதெல்லாம் என் கோபம், ஊருக்கே தெரியும். அதுக்குக் கீழ உள்ளதை எதுக்குடி எடுத்த? எவனுக்கும் தெரியாம வச்சிருந்தேன்.” அவர் குரல் உடைந்தது, உடைந்ததை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினார். “திருப்பிக் குடு.”

பேச்சியிடம் ஊரிலுள்ள எல்லாக் குரலும் இருந்தன, அந்த நேரத்துக்கு ஒன்றும் உதவவில்லை.

அப்போது பட்டுச்சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கழுத்து மாலை ஒரு பக்கம் அவிழ, சோலைராணி ஓடி வந்தாள். பின்னால் அழகுமலை, அவனுக்குப் பின்னால் பந்தி இலையிலிருந்து எழுந்த பாதி ஊர்.

“அவ குரலை வேணா திருடுவா மாமா” என்றாள் மூச்சு வாங்க. “நீங்க என்னைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு அவ பிறக்கவே இல்லையே. அவளுக்கு எப்படித் தெரியும்?”

கோட்டைச்சாமி நின்றார். “அப்ப யாரு சொன்னது?”

“நீங்கதான்.”

ஏதாவது சொல்வார், கத்துவார் என்று ஊர் காத்திருந்தது. மதுரை வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் புறப்பட்டுப் போனது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கதுரை சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே வந்து அவர் சட்டையைக் கூர்ந்து பார்த்தார், நெஞ்சில், முதுகில், காலருக்கு அடியில். எழுத்து எங்கும் இல்லை. எழுத்து இல்லாமலேயே கோட்டைச்சாமி சும்மா நின்றார். உதடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அந்த நிலைக்கு இங்கிலீஷில் என்ன சொல் என்று சார் யோசித்தார், அகப்படவில்லை, அகப்படாததில் அவருக்கு வருத்தமும் இல்லை.

“நானேதான் சொன்னேனாக்கும்” என்றார் கோட்டைச்சாமி கடைசியில், யாரிடமோ போல.

“ஆமா மாமா. நேரம் ஆகுது.”

“நேரம் ஆகுதுன்னா நடந்து போனா ஆகுமா?” என்று அவர் பாதித் தெருவுக்குக் கேட்கிற மாதிரி அதட்டினார், குனிந்தார், வத்தல் மூட்டையைப் புரட்டி ஏற்றுகிற லாவகத்தில் மருமகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். “மாமா, இறக்கி விடுங்க, சிரிக்கிறாக” என்று சோலைராணி கத்தினாள். “சிரிக்கட்டும், எவன் சிரிக்கிறான்னு பாத்து வை” என்று அவர் மூச்சிரைத்தார். அழகுமலை சோடா பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே ஓடினான், ஓடுகிற வேகத்தில் ஒரு மடக்கு அவருக்குக் கொடுத்தான், அவர் குடித்தார், கோபம் தணிந்ததற்கு அதுதான் அடையாளம். பேச்சி முன்னால் ஓடி ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிட்டு வழி வாங்கினாள், தெரு விலகியது.

மேளக்காரர் பந்தலில் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். “ஏன்யா கட்டுற, யாரு செத்துட்டா, வாசி” என்று கோட்டைச்சாமி வாசலிலிருந்தே ஒரு சத்தம் போட்டார், அவர் பயந்துபோய் நேராகக் கெட்டிமேளத்திலேயே ஆரம்பித்துவிட்டார். அதற்குள் மணவறையில் ஏறி உட்கார்ந்திருந்த ஜெயந்தி அவசரமாக இறங்கினாள், இறங்கிய வேகத்தில் எதற்கோ சிரித்தாள், அவளுக்கும் அந்த டிரைவர்மேல் பெரிசாக விருப்பம் இருந்திருக்கவில்லை போல. கோட்டைச்சாமியின் மடியிலிருந்து தாலி தானாகக் கைக்கு வந்தது, அழகுமலை கட்டினான், மாவு டப்பாவில் மிச்சமிருந்ததைப் பேச்சி அட்சதை என்று நினைத்துத் தூவ மாப்பிள்ளையின் தலை வெளுத்தது.

கோட்டைச்சாமி மணவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், தாடைவரைக்கும் நனைந்து. வெள்ளைத்தாய் தன் முந்தானையை நீட்டினாள்.

“என்ன அண்ணாச்சி, வத்தல் நெடியா?”

“இல்லம்மா, அழுறேன்” என்று அவர் போட்ட அதட்டலில் மேளம் ஒரு தட்டு தவறியது.